என் வீட்டை வந்து பார்த்தீர்கள். நான் வேலை செய்யும் வீட்டை யார் பார்ப்பது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் பத்திரங்களில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும், அதற்கான விதிகளைக் கொழும்பில் இருந்து எழுதுபவர்களுக்கும்,

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் எனக்குச் சம்பளம் முழுதாக இல்லை, ஓய்வு இல்லை, பாஸ்போட் கையில் இல்லை என்று கொடுத்த முறைப்பாடு தீர்த்து வைக்கப்பட்டதாக என் அம்மாவுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். கடிதம் சிங்களத்தில் இருந்தது. படுவான்கரையில் எங்கள் வளவில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அம்மா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மண்முனைப் பாலம் தாண்டி ஆரையம்பதிக்குப் போய், அங்கே தெரிந்த ஒரு தம்பியிடம் வாசித்துக் கேட்டுவிட்டு வந்தார். முகவர் நிலையத்திடம், அதாவது என்னை அனுப்பிய ஏஜென்சியிடம் விசாரித்தார்களாம், பணியாளர் நலமாக இருப்பதாக முகவர் நிலையம் அறிவித்ததாம், ஆகவே கோப்பு மூடப்படுகிறதாம்.

அந்தப் பணியாளர் நான். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. என்னுடைய வட்ஸ்அப் இலக்கம் முறைப்பாட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

நான் குவைத்துக்கு வந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. ஒப்பந்தம் இரண்டு வருடம். இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன், அதனால் என் பெயரையும், என்னை அனுப்பிய ஏஜென்சியின் பெயரையும், முறைப்பாடு கொடுத்த அலுவலகத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. இதே மடலின் பிரதி ஒன்றை அந்தக் கடிதத்தோடு சேர்த்து அம்மா உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். பெயர், இலக்கம் எல்லாம் அதில் இருக்கிறது. இதைப் பொதுவில் எழுதக் காரணம், இது என் ஒருத்தியின் பிரச்சினை இல்லை என்பதுதான். வெள்ளிக்கிழமைகளில் போனில் பேசும் வாழைச்சேனைப் பிள்ளையும், அக்கரைப்பற்று அக்காவும், திருக்கோவில் மாமியும் சொல்வதும் இதே கதைதான். ஏஜென்சி மட்டும் வேறு.

நான் போகமுன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில் இருந்து தொடங்குகிறேன்.

பிரதேச செயலகத்தில் இருந்து ஒரு உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். இளம் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று பார்த்தார். மலசலகூடக் கதவைத் திறந்து, உள்ளே கொக்கி இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தார். கணவர் குடிப்பாரா என்று என்னிடம் கேட்டதோடு நிற்காமல் பக்கத்து வீட்டு மாமியிடமும் போய்க் கேட்டார். பள்ளிக்கூட வரவுப் பதிவைக் கொண்டுவரச் சொன்னார். கடைசியில் என் மூத்த மகளைக் கிட்டக் கூப்பிட்டு, "அம்மா போனா அம்மம்மாவோட இருப்பீங்களா மகள்?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அதையும் எழுதிக்கொண்டார்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் கேட்கிறார்கள், சரி. கேட்கட்டும். ஆனால் என் கணவர் எனக்கு முன்னமே கட்டாருக்குப் போய்க் கட்டட வேலை செய்துவிட்டு வந்தவர். அப்போது மூத்தவள் கைக்குழந்தை. அவர் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்று எங்கள் படலையைத் திறந்து கேட்க ஒருவரும் வரவில்லை. ஆண் போனால் உழைக்கப் போகிறான், பெண் போனால் விட்டுவிட்டுப் போகிறாள். உங்கள் படிவம் அப்படித்தான் நினைக்கிறது. அதிலும் எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் வீட்டுச் சுவரோடு ஒட்டித்தான் அம்மாவின் குசினி. என் பிள்ளைகள் பிறந்த நாளில் இருந்து பாதிச் சோறு அங்கேதான் தின்றவர்கள். அம்மம்மாவோடு இருப்பது அவர்களுக்குப் புதிதில்லை. இது இந்த மாவட்டத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். படிவத்தில் அதை எழுத இடம் இல்லை.

அந்த உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து எழுதிய இந்தக் குடும்பப் பின்னணி அறிக்கை 2013 இல் வந்தது. அந்த வருடம் ஜனவரி 9 ஆம் தேதிதான், வேலை செய்த வீட்டுக் குழந்தையைக் கொன்றதாகச் சொல்லி, மூதூர் ரிசானா நபீக்கின் தலை சவூதியில் வெட்டப்பட்டது. முதலில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்றார்கள். 2022 இல் அந்த எல்லை இரண்டு வயதுக்கு இறங்கியது. அதற்கு மேல் பதினெட்டு வயதுவரை பிள்ளை இருந்தால் யார் பொறுப்பு என்று காட்ட வேண்டும்.

ரிசானாவின் கதையை இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் நான் யோசித்துப் பார்ப்பதுண்டு, இங்கே வந்தபிறகு இன்னும் அதிகம். அவர் தாயில்லை. கலியாணம் முடிக்காத சிறு பிள்ளை. 2005 இல் போகும்போது வயதைக் கூட்டிப் பாஸ்போட் எடுத்துக் கொடுத்தது இலங்கையில் இருந்த தரகர்கள். வீட்டு வேலைக்கென்று போனவரிடம் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கும் வேலையையும் கொடுத்தார்கள். குழந்தை இறந்ததும் பொலிசில் வாக்குமூலம் எடுத்தபோது பக்கத்தில் ஒரு சட்டத்தரணி இல்லை. மொழிபெயர்த்தவர் அதற்குத் தகுதியானவர் இல்லை என்பதும் பின்னால்தான் வெளியில் வந்தது. வயதை மாற்றிய தரகர், ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, தமிழ் தெரிந்த ஒரு ஆள் இல்லாமை. ரிசானாவைக் கொண்டுபோனவை இவைதான். இவற்றில் எதையும் என் வீட்டு மலசலகூடக் கொக்கி சரிசெய்யாது. அந்த மரணத்தில் இருந்து அரசாங்கம் எடுத்துக்கொண்ட பாடம் தாய்மாரைச் சோதிப்பது என்றால், பிழையான வீட்டைத்தான் சோதிக்கிறீர்கள்.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். படிவத்திலும் கேட்டிருந்தது, "பொருளாதாரக் கஷ்டம்" என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். உண்மைக் காரணம் நுண்கடன். குழுவில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஆளுக்கு ஆள் கையெழுத்து வைத்து எடுப்பது. கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். வேளாண்மை வெள்ளத்தில் போனாலும், கணவருக்குக் கூலி இல்லாவிட்டாலும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமைதான். கட்டாவிட்டால் வசூலிக்க வருபவர் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பொழுதுபடும்வரை இருப்பார். குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் வந்து, "உன்னால எங்களுக்கும் அடுத்த கடன் கிடைக்காது" என்று ஏசுவார்கள். அவர்களும் என்ன செய்வது, அவர்கள் முற்றத்திலும் அதே கதிரைதான். இதை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க அம்மாவின் சங்கிலி.

அந்த நேரத்தில்தான் ஏஜென்சி ஆள் வருவார். எங்கள் ஊர் ஆள்தான், தெரிந்தவர்தான். "நீ காசு கட்டத் தேவையில்லை பிள்ளை, நாங்கதான் உனக்குக் காசு தருவோம்" என்பார். எனக்கு மூன்று இலட்சம் ரூபா கையில் தந்தார்கள். அதில் கடன் அடைந்தது, சங்கிலி மீண்டது, பிள்ளைகளுக்குச் சப்பாத்து வந்தது. அந்தக் காசு என்னவென்று எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை. இங்கே வந்து வாய் திறந்தபோதுதான் அதன் பெயர் தெரிந்தது: "காசு வாங்கிட்டுத்தானே வந்தாய்? திரும்பிப் போறதெண்டா அதைக் கட்டிட்டுப் போ." கிழமைக் கடனில் இருந்து தப்பி இரண்டு வருடக் கடனுக்குள் விழுந்திருக்கிறேன். இந்த முற்பணப் பழக்கம் உங்களுக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் தக்காளி விலை தெரிந்தவர்கள் எல்லோருக்கும் எந்த ஏஜென்சி எவ்வளவு கொடுக்கிறது என்பதும் தெரியும்.

பயிற்சியையும் சொல்ல வேண்டும். வாக்கும் கிளீனர் பிடிக்கவும், மைக்ரோவேவ் போடவும், பொம்மைக் குழந்தையைக் குளிப்பாட்டவும் சொல்லித்தந்தார்கள். பயனில்லை என்று சொல்லமாட்டேன். அரபியில் தண்ணீர், சோறு, வா, போ, சரி மாமா. அவ்வளவும் படித்தோம். சம்பளம் தராவிட்டால் யாரிடம் போவது, ஒப்பந்தத்தில் இல்லாத வீட்டில் வேலை செய்யச் சொன்னால் என்ன சொல்வது என்பதற்கு அரபியும் இல்லை, தமிழும் இல்லை. சான்றிதழ் தந்தார்கள். படம் எடுத்தார்கள்.

ஒப்பந்தம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நான் உயர்தரம் கலைப்பிரிவில் படித்தவள், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டியாவது வாசிப்பேன். "100 தினார்" என்ற இலக்கமும் "5" என்ற இலக்கமும் விளங்கியது. 5 என்றால் வீட்டில் ஐந்து பேர். மிச்சத்தை வாசிக்க நேரம் தரவில்லை, பின்னால் வரிசை நின்றது.

2024 ஓகஸ்டில் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் இருந்து ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கதிரையில் வரிசையாக இருத்தினார்கள். முதல் வேலையே பாஸ்போட்டை வாங்கியதுதான். அதற்குப் பிறகு அதை நான் கண்ணால் காணவில்லை. வெளியில் வந்தபோது அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி ஒரு வெக்கை. ஐம்பது பாகையைத் தொட்ட நாட்கள் அவை. எங்கள் ஊர் சித்திரை வெயில் அதற்கு முன்னால் மரநிழல்.

ஐந்து பேர் இருக்க வேண்டிய வீட்டில் ஒன்பது பேர். மூன்று மாடி. வியாழக்கிழமைகளில் மேடத்தின் தாய் வீட்டிலும் துப்புரவு. முன்பக்கத்தில் ஆண்கள் கூடும் திவானியா, அங்கே இரவு பன்னிரண்டுக்குப் பிறகும் தேத்தண்ணிக் கோப்பைகள் வந்துகொண்டே இருக்கும். நான் படுப்பது மொட்டைமாடியில் உடுப்புத் துவைக்கும் அறையில். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் மெத்தை போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. ஏசி பழுதாகிக் கிழமைக் கணக்கில் திருத்தாமல் கிடந்தபோது, துவைத்த விரிப்பை நனைத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். அது காய்ந்ததும் எழும்பித் திரும்ப நனைப்பேன். அப்படி எழும்பும்போதெல்லாம் மெஷினின் சிவப்பு லைட் மணியைக் காட்டும். மூன்று மணி, நாலு மணி. ஐந்தரைக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும்.

சம்பளம் முதல் மூன்று மாதமும் இல்லை, ஏஜென்சிச் செலவில் கழிக்கிறார்களாம். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியை எனக்கு ஒருவரும் காட்டவில்லை. அதன்பிறகு வந்தது 80 தினார். மிச்சம் 20 எங்கே என்று கேட்டபோது மேடம் அங்கே இருக்கும் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார். அலுவலகம் இலங்கையில் கேட்கச் சொன்னது. இலங்கை ஏஜென்சி போனை எடுக்கவில்லை.

இந்த வீட்டில் எனக்கு அடி விழவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அடி விழாத பெண்ணின் முறைப்பாடு உங்களுக்கு முறைப்பாடாகத் தெரிவதில்லை. "அடிச்சாங்களா? சூடு வச்சாங்களா? இல்லைத்தானே?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. மேடத்தின் தாய் நல்ல மனுஷி. எனக்கு அரபி பேசப் பழக்கியது அவர்தான். நான் வைத்த மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, உறைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கேட்பார். பிள்ளைகளும் என்னோடு ஒட்டுதல். கெட்டவர்கள் கையில் அகப்பட்டவள் என்று நான் சொல்லவில்லை. இருபது தினாரும், ஒரு நாள் ஓய்வும், கதவு திறக்கக்கூடிய ஒரு அறையும், என் பாஸ்போட்டும் இல்லை என்று சொல்கிறேன்.

இவை எல்லாம் இந்த நாட்டிலேயே சட்டத்தில் இருக்கிறது என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும். குவைத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு நாளில் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, கிழமையில் ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு, வருடத்தில் சம்பளத்தோடு விடுமுறை, பாஸ்போட்டை முதலாளி வைத்திருக்கக் கூடாது. இதை எனக்குச் சொன்னது நீங்கள் இல்லை. மேடத்தின் தாய் வீட்டில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் அக்கா. அவருடைய பாஸ்போட் அவருடைய பையில் இருக்கிறது. பிரச்சினை வந்தால் அவருடைய மொழியில் பேசும் ஆளின் இலக்கம் அவருடைய போனில் இருக்கிறது. 2018 இல் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் உடல் குளிர்பெட்டிக்குள் இருந்து எடுக்கப்பட்டபோது அந்த நாடு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டு, குவைத்தோடு பேசி அதே வருடம் மே மாதம் ஓர் ஒப்பந்தம் எழுதியது. பாஸ்போட்டைப் பறிக்கக் கூடாது, போனைப் பறிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. இங்கே எல்லா வீட்டிலும் அது நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அக்கா பேசும்போது அவர் பின்னால் ஒரு நாடு நிற்பது மேடத்துக்குத் தெரிகிறது. என் பின்னால் ஏஜென்சிதான் நிற்கிறது.

போனைப் பற்றி ஒரு விஷயம். எனக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் போன் தருவார்கள். மற்ற நாளில் மேடத்தின் அலுமாரியில். 2024 நவம்பர் கடைசியில் மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 26 ஆம் தேதி மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் போன மதரசாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோனது. அது செவ்வாய்க்கிழமை. அன்று திவானியாவில் டீவி ஓடிக்கொண்டிருந்தது, அதில் இலங்கை இல்லை. வெள்ளிக்கிழமை போனைத் திறந்தபோது நூற்றுக்கணக்கில் மெசேஜ். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய், இரண்டு இரவு அங்கே வைத்திருந்து, தண்ணீர் வற்றித் திரும்பி வந்தும்விட்டார்கள். எல்லாம் முடிந்தபிறகு நான் பயந்தேன். என் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அத்தனை கேள்வி கேட்ட நீங்கள், அந்தப் பிள்ளைகளோடு தாய் பேச முடியுமா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இனி முறைப்பாடு. இங்கே இருந்து கொடுக்கப் பார்த்தேன். உதவி இலக்கம் என்று தந்ததற்கு, கையில் போன் இருக்கும் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அழைத்தேன். வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை, எடுக்க ஆள் இல்லை. பிறகு ஒருநாள் மேடத்தின் தாய் தன்னுடைய போனைத் தந்தார். எடுத்தவர் சிங்களத்தில் பேசினார். தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். பிறகு எடுக்கச் சொன்னார். அந்தப் "பிறகு" எனக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் அம்மா ஊரில் முறைப்பாடு கொடுத்தார். வேகாத வெயிலில் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு, ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்குப் போய்க் கொடுத்தார். அதற்குத்தான் அந்தச் சிங்களக் கடிதம்.

தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதினார்கள். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்றும் அரசியலமைப்பில் இருக்கிறது. எங்களுக்கு அது புதிதாகக் கேட்டு வாங்க வேண்டிய சலுகை இல்லை. மட்டக்களப்பில் ஒரு தமிழ்த் தாய் தமிழில் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டுக்குத் தமிழில் பதில் போடுவது உங்கள் கடமை, 1987 இல் இருந்தே கடமை. என் மூத்த மகள் பிறக்க எவ்வளவோ முன்னம்.

2022 இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் 3.8 பில்லியன் டொலருக்கு இறங்கியபோது, எரிபொருள் வரிசையிலும் மருந்து இல்லாத ஆஸ்பத்திரியிலும் நாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2024 இல் அது 6.5 பில்லியனைத் தாண்டியது என்று மத்திய வங்கி சொல்கிறது. என் எண்பது தினாரும் அதற்குள் இருக்கிறது. எங்களை "நாட்டின் வீரர்கள்" என்று விமான நிலையத்தில் எழுதிவைப்பது உங்கள் விருப்பம். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் அந்த வீரர்கள் ஒருவருக்கும் இங்கே இருந்து வாக்களிக்க வழி இருக்கவில்லை. அது உங்கள் மேசையில் தீர்கிற விஷயம் இல்லை என்று தெரியும், மனதில் இருந்ததால் சொன்னேன்.

இதை வாசித்துவிட்டு, "சரி, இனிப் பெண்களை அனுப்பவே வேண்டாம்" என்று ஒரு சுற்றறிக்கை எழுதிவிடாதீர்கள். எந்தப் பெண்ணாவது அழுதால் உங்களுக்கு முதலில் வருவது தடைதான். தடை வந்தால் போகாமல் இருக்கமாட்டோம். சுற்றுலா விசாவில் போவோம். அப்போது கோப்புக்கூட இருக்காது. கிழமைக் கடனுக்கு ஊரில் வேறு வழி வரும்வரை நாங்கள் போகத்தான் போகிறோம். என் சம்பளத்தில் வீட்டுக்குக் கூரை மாற்றியாயிற்று. அடுத்தது மகளுக்கு ஒரு அறை. நான் கேட்பது போகும் பெண்ணின் பின்னால் வாருங்கள் என்பதை.

என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகவே கேட்கிறேன்.

முதலில், என் கோப்பைத் திறவுங்கள். முகவர் நிலையம் சொன்ன பதிலை அல்ல, என்னுடைய பதிலைக் கேட்டு எழுதுங்கள். இனிமேல் எந்தப் பெண்ணின் முறைப்பாட்டையும் அவளோடு நேரடியாகப் பேசாமல், அவள் தீர்ந்தது என்று சொல்லாமல் மூடக் கூடாது என்று விதி எழுதுங்கள். ஏஜென்சிமேல் கொடுத்த முறைப்பாட்டுக்கு ஏஜென்சியே சாட்சி என்றால் அது விசாரணை இல்லை. பதில் தமிழில் எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தமிழில் வர வேண்டும்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமானது. போன முதல் மாதத்திலும், மூன்றாவது மாதத்திலும், ஒரு வருடம் முடியும்போதும் அந்தப் பெண்ணை நீங்கள் போனில் கூப்பிட வேண்டும். மேடத்திடம் இல்லை, ஏஜென்சியிடம் இல்லை, அவளிடம். இதற்குப் புதுக் கட்டடமோ புது ஆளோ தேவையில்லை. என் வீட்டுக்கு வந்து கொக்கியைப் போட்டுப் பார்த்த அந்த உத்தியோகத்தரே பிரதேச செயலகத்தில் இருந்து வட்ஸ்அப் வீடியோவில் எடுக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியும், என் வீடு தெரியும், என் மகளைத் தெரியும். "நீங்க படுக்கிற இடத்தைக் காட்டுங்க அக்கா" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அழைப்பைப் பேசவிடாத வீடு என்றால் அதுவே தூதரகத்துக்குப் போக வேண்டிய தகவல். இங்கே தூதரகத்தில் தொழிலாளர் விஷயம் பார்க்கும் இடத்தில், வெள்ளிக்கிழமை உட்பட, தமிழில் பேசும் ஒருவர் போன் எடுக்க வேண்டும். எங்களுக்குப் போன் கிடைப்பதே அன்றுதான்.

ஒப்பந்தத்தைத் தமிழில் தாருங்கள். பறக்கும் அன்று அல்ல, இரண்டு கிழமைக்கு முன்னம். ஒரு பிரதி பெண்ணுக்கு, ஒரு பிரதி அவள் பிள்ளைகளைப் பார்க்கும் ஆளுக்கு. அதில் அவள் படுக்கும் இடம், ஓய்வு நாள், போன், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். அவள் போகும் நாட்டின் சட்டத்தில் அவளுக்கு என்ன இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் தமிழில் சேர்த்துக் கொடுங்கள். பயிற்சியில் பொம்மையைக் குளிப்பாட்டும் நேரத்தில் ஒரு நாளைக் குறைத்து இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

ஏஜென்சி கொடுக்கும் முற்பணத்தைப் பத்திரத்தில் ஏற்றுங்கள். எவ்வளவு, எதற்கு, திரும்பிக் கட்ட வேண்டுமா இல்லையா. எழுதாமல் கொடுத்த காசைக் காட்டிப் பெண்ணைப் பிடித்துவைக்கும் ஏஜென்சியின் அனுமதியை நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. என்னை அனுப்பிய அதே ஆள் இப்போது எங்கள் ஊரில் இன்னொரு வீட்டுக்குப் போய்வருகிறார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். அவளுடைய பத்திரம் உங்கள் மேசைக்கு வரும், வந்தும் இருக்கலாம். கையெழுத்துப் போட முன் அவளைக் கூப்பிட்டு இருத்தி, அந்த ஏஜென்சிமேல் எத்தனை முறைப்பாடு இருக்கிறது, அவற்றில் எத்தனை அந்தப் பெண்களைக் கேட்காமல் மூடப்பட்டது என்பதை அவளுக்குத் தமிழில் சொல்லுங்கள். அதன்பிறகு போவதா இல்லையா என்று அவள் முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த வீட்டுப் பணியாளர் ஒருவர்
குவைத்